மேற்கே போன பெட்டி

14

வியாழக்கிழமை காலை ஏழரை மணிக்கு மாத்ருபூதத்தின் தகரப் பெட்டி ஆப்பிரிக்காவுக்குப் புறப்பட்டது. தெருவில் எட்டு வீடு கடந்து எங்கள் வீட்டுக்கு வந்து, அரிசிக் குதிருக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது.

"நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும்தான் அக்கா. கொஞ்சம் பத்திரம்" என்றார் மாத்ருபூதம்.

"உள்ளே சிங்கமா இருக்கு, கட்டிப் போடறதுக்கு?" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. பெட்டியின் விளிம்பு சுவருக்கு நேராக இருக்கிறதா என்று ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்தார். அரை விரற்கடை நகர்த்தினார். அப்புறம்தான் மூச்சு விட்டார்.

பாலக்கரையில் எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் இந்தப் பெட்டியின் கதையைச் சொல்லிவிடுவார்கள். ஆனால் மற்றவர்கள் கூட்டிச் சொல்வார்கள். அதனால் நானே சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

மாத்ருபூதத்தின் மனைவி பெயர் மட்டுவார்குழலி. மலைக்கோட்டை சாமியும் அம்மனும் பெயரிலேயே ஜோடி சேர்ந்த குடும்பம். சாமி எப்படி மலையை விட்டு இறங்காதோ அப்படியே இவரும் வீட்டை விட்டு இறங்க மாட்டார். பொன்மலை ரயில்வே ஒர்க்ஷாப்பில் பேட்டர்ன் ஷாப்பில் வேலை. இரும்பில் வார்க்க வேண்டிய சாமானை முதலில் மரத்தில் அச்சாகச் செதுக்கிக் கொடுக்கிற இடம் அது. இரும்பு ஆறினால் சுருங்கும் என்று ஒரு நூல் பெரிதாகச் செதுக்குவார்கள். அந்தப் பழக்கத்தில் மாத்ருபூதம் எதையுமே ஒரு நூல் கூடுதலாகத்தான் யோசிப்பார்.

குழலியின் தம்பி வெள்ளைச்சாமி பன்னிரண்டு வருஷமாக ஆப்பிரிக்காவில், தங்கனிக்கா தேசத்தில், தபோரா என்ற ஊரில் ரயில்வேயில் இருக்கிறான். போன வருஷம் அவன் எழுதிய கடிதம்தான் எல்லாவற்றுக்கும் வித்து.

'அக்கா, திருச்சியிலிருந்து தஞ்சாவூர் வரைக்கும் ஒரே புல் என்று வைத்துக்கொள். நடுவில் ஒரு வீடு கிடையாது, ஒரு கோபுரம் கிடையாது. அந்தப் புல் முழுக்க மாடு. நம்ம ஊர் மாடு இல்லை, தாடி வைத்த மாடு. லட்சக்கணக்கில் நடந்து போகும். எங்கே போகிறது என்று கேட்டால், மழை பெய்கிற இடத்துக்கு. நீயும் மாமாவும் வாருங்கள். லாரியும் கூடாரமும் என் பொறுப்பு.'

இதைப் படிக்கக் கேட்ட அன்று குழலி வீட்டு ரசம் பொங்கி அடுப்பே அணைந்தது. நாற்பத்து மூன்று வயதில் அவள் பார்த்த அதிகபட்ச தூரம் மதுரை.

மாத்ருபூதம் மறுப்புச் சொல்லவில்லை. பிளான் போட்டார். ஒர்க்ஷாப்பில் வரைபடம் எடுக்கிற நீலக் காகிதத்தில், வெள்ளைக் கோட்டில், கூடத்துச் சுவர் நீளத்துக்கு ஒரு பிளான். 'காலை 5.30: எழுதல். 5.45: காபி (சிங்கம் அருகில் இல்லையெனில்). 6.15: யானை.' புளிக்காய்ச்சல் மூன்று ஜாடி, அப்பளம் இருநூறு. அந்தக் காட்டில் ஒரு ஈ கடித்தால் தூங்கித் தூங்கியே ஆள் போய்விடுவானாம், அதற்காக முழுக்கை ரவிக்கை நாலு. கருநீலத்தைக் கண்டால் அந்த ஈ தேடி வரும் என்று வெள்ளைச்சாமி எழுதியதால் குழலியின் நீலப் புடவையெல்லாம் பீரோவுக்குள் போயின. "உங்க பிளானே முழுக்க நீலம். ஈ முதல்ல அதைத்தான் கடிக்கும்" என்றேன். அன்றும் அவர் சிரிக்கவில்லை.

மொட்டை மாடியில் கொசுவலையை நாலு கம்பில் கட்டி ஒத்திகை பார்த்தார்கள். சாயங்காலம் மேய்ச்சல் முடிந்து மாடுகள் பொன்மலைப் பக்கமிருந்து புழுதி கிளப்பிக்கொண்டு வரும். அந்தப் புழுதியில் வெயில் விழுந்து தெருவே தேன் நிறமாக இருக்கும். குழலி வலைக்குள் உட்கார்ந்து, தம்பி அனுப்பிய தூரதிருஷ்டிக் கண்ணாடியைக் கண்ணில் வைத்துக்கொண்டு, குரலைத் தாழ்த்திப் பேசுவாள்.

"அதோ வருதுங்க, தாடி மாடு."

"அது பொன்னுத்தாய் வீட்டு எருமைடி" என்பேன் நான் கீழேயிருந்து.

"மெதுவாப் பேசுங்க அக்கா. ஓடிடும்."

ஒரு நாள் என்னையும் வலைக்குள் கூப்பிட்டு உட்கார வைத்தாள். பொய் சொல்லக் கூடாது, அரை நிமிஷம் எனக்கும் மலைக்கோட்டை மறந்துபோயிற்று. புழுதிதான் இருந்தது. புழுதிக்குள் என்னென்னவோ நடந்து போயிற்று.

சரி, இப்போது பெட்டிக்கு வருவோம். மெட்ராஸ் ரயில் வெள்ளிக்கிழமை சாயங்காலம். அங்கிருந்து பம்பாய், பம்பாயிலிருந்து கப்பல். நாள் பார்க்க ஸ்ரீரங்கத்துக்குப் போனபோது ஜோசியர் ஸ்ரீரங்கராஜன் பஞ்சாங்கத்தை மூடிவிட்டார்.

"சுக்ரவாரம் மேற்கே சூலம் ஓய். கூடவே கூடாது."

"ரயில் வடக்கே மெட்ராஸுக்குத்தானே சாமி போகுது?"

"ரயில் எங்கே போறதுன்னு யார் கேட்டா? நீர் எங்கே போறீர்? ஆப்பிரிக்கா எந்தத் திக்கு?"

பெருமாள் புண்ணியத்தில் ஜோசியரே வழி சொன்னார்: முதல் நாள் நல்ல வேளையில் பயணச் சாமானை வீட்டுக்கு மேற்கே வேறொரு வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட வேண்டும். பரஸ்தானம். அப்படி வைத்துவிட்டால் பயணம் தொடங்கிவிட்டதாகக் கணக்கு, மறுநாள் சூலம் ஒன்றும் செய்யாது. ஒரே நிபந்தனை, வைத்த பெட்டி திரும்பப் புறப்பட்ட வீட்டு வாசல்படி ஏறக் கூடாது. ஏறினால் பயணம் அத்தோடு சரி.

தெருவின் மேற்கே கடைசி வீடு எங்களுடையது. திக்குகூட எனக்குச் சாதகமாகத்தான் அமைந்திருக்கிறது.

பத்து மணிக்குக் கரூர் பஸ்ஸில் வந்து இறங்கினாள் அவர்கள் மகள் சகுந்தலா. போன தை மாதம் கல்யாணமாகிப் போனவள், அப்பா அம்மாவை வழியனுப்ப வந்திருக்கிறாள். காபிக் கொட்டை வறுக்கிற கடையைத் தாண்டும்போது முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். இதே பெண் கல்யாணத்துக்கு முன்னால் அந்தக் கடை வாசலில் மூச்சை இழுத்துக்கொண்டு நிற்பாள்.

எங்கள் வீட்டில் அவர்கள் சல்லடை ஒன்று மூன்று மாதமாகக் கிடந்தது. அன்றைக்கு அதைத் திருப்பிக் கொடுத்துவிடுவதுதான் நியாயம் என்று தோன்றியது. கொல்லைப்புறமாகப் போனேன்.

"எத்தனை நாள் தள்ளிப் போயிருக்கு?" குழலியின் குரல்.

"ரெண்டு மாசம் முடிஞ்சிடுச்சும்மா."

"அடிப்பாவி! லெட்டர்ல ஒரு வரி எழுதக் கூடாதா?"

"எழுதினா நீ டிக்கெட்டைக் கிழிச்சுப் போட்டிருப்பே. இப்பவும் சொல்ற உத்தேசம் இல்லை. நீதான் மூஞ்சியைப் பார்த்துட்டே."

குழலி விரல் விட்டு எண்ணத் தொடங்கினாள். "வைகாசி, ஆனி, ஆடி... ஏழாம் மாசம் ஆவணியில வருது. கப்பல் பம்பாய்க்குத் திரும்பறதே ஆவணி இருபத்தெட்டு. வளைகாப்புக்கு நான் இருக்க மாட்டேன்டி."

"ஒன்பதாம் மாசம் போட்டுக்கலாம். பிரசவம் இங்கேதானே? அதுக்குள்ள வந்துடப் போறே."

"கப்பல் நடுவழியில நின்னு போச்சுன்னா?"

"நீந்தி வா. இதைப் பாரும்மா, போன தடவை மொட்டை மாடியில தூரதிருஷ்டியை வச்சுக்கிட்டு நீ உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன். நான் ஸ்கூல்ல படிக்கிறப்போ என்கூட உட்கார்ந்திருந்த பொண்ணுங்க மாதிரி இருந்தே. நீ போ. அப்பாவுக்கு மட்டும் தெரியக் கூடாது. தெரிஞ்சா முடிஞ்சுது."

அவள் சொன்னது நூற்றுக்கு நூறு. மாத்ருபூதம் கிளம்பாமல் போன ஊர்களை எழுதினால் ஒரு ரயில்வே கைடு ஆகும். கொடைக்கானலுக்குப் பிளான் போட்டார், மேஸ்திரிக்குக் காய்ச்சல் என்று நின்றது. ராமேஸ்வரத்துக்குப் போட்டார், அலை ஜாஸ்தி என்று பேப்பரில் வந்தது. ஐம்பத்தாறில் கும்பகோணம் மகாமகத்துக்கு மெய்யாகவே ரயில் ஏறினார். பக்கத்திலிருக்கிற திருவெறும்பூரிலேயே, கொல்லைக் கதவைப் பூட்டினோமா என்று சந்தேகம் வந்து, பெண்டாட்டி பிள்ளையோடு இறங்கித் திரும்பிவிட்டார். இருபத்தாறு வருஷமாக எடுக்காத லீவு நாலு மாதத்துக்குச் சேர்ந்தது அப்படித்தான். ஒவ்வொரு தடவையும் காரணம் நல்ல காரணமாகத்தான் இருந்தது. தலைச்சன் பிள்ளையைச் சுமக்கிற மகளைவிட நல்ல காரணம் அவருக்கு இனி எங்கே கிடைக்கும்?

"பெரியம்மா, சல்லடையைக் கீழே வச்சிட்டு உள்ளே வாங்க" என்றாள் சகுந்தலா, திரும்பிக்கூடப் பார்க்காமல். "எல்லாத்தையும் கேட்டாச்சுல்ல? சமயபுரத்தா மேல சத்தியம் பண்ணுங்க, அப்பாகிட்ட வாய் திறக்க மாட்டேன்னு."

"எனக்கு எதுக்குடி சத்தியம்? நான் யார்கிட்ட என்ன சொல்லியிருக்கேன்?"

தாயும் மகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நான் சத்தியம் செய்தேன்.

பன்னிரண்டரை மணி வெயிலில் குழலி எங்கள் வீட்டுக்கு வந்தாள். சின்னக்கடை வீதி வரை போய் வந்திருக்கிறாள், முகம் சிவந்துபோயிருந்தது. முந்தானைக்குள்ளிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தாள். கண்ணாடி வளையல், பச்சையும் சிவப்புமாக இரண்டு டஜன்.

"ஹபீபுல்லா கடையில பொறுக்கிப் பொறுக்கி எடுத்தேன். ஒருவேளை நான் வந்து சேராட்டி, முதல் வளையலை நீங்க அவளுக்குப் போடுங்க அக்கா. நான் போட்ட மாதிரி."

"என்னடி பேச்சு? வந்துடுவே."

"வந்துடுவேன். இருந்தாலும் வச்சுக்கோங்க. எங்க வீட்டுல வச்சா அவரு கண்ணுல பட்டுடும். அவரு கண்ணு உங்களுக்குத் தெரியாதா?"

வாங்கிக்கொண்டேன். ஆனால் எங்கே வைப்பது? என் மருமகள் பாப்பாயி என்னிடமிருந்து கற்றுக்கொண்டது ஒன்றே ஒன்றுதான், எதையும் திறந்து பார்க்கிற குணம். பானை, பரண், தலையணை உறை எதுவும் அவளிடம் தப்பாது. யோசித்துப் பார்த்ததில் அந்தத் தெருவிலேயே ஒருவரும் தொடாத இடம் ஒன்று புலப்பட்டது. பரஸ்தானம் வைத்த பெட்டி! அதைத் திறந்தால் பாவம் என்று பாப்பாயிக்கும் தெரியும். நாளைச் சாயங்காலம் அவர்கள் வருவதற்கு முன் எடுத்துவிட்டால் போயிற்று.

கயிற்று முடிச்சை அவிழ்த்துக் கட்ட எனக்கு எப்படி வந்தது என்று கேட்காதீர்கள். காலை எட்டு மணிக்கே ஒரு முறை பழகியிருந்தேன். முழுக்கை ரவிக்கைக்கும் அப்பளக் கட்டுக்கும் நடுவில் பொட்டலத்தைச் செருகிவிட்டு, மறுபடி கட்டிவிட்டு, நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

இரண்டு மணிக்கு வாசலில் சைக்கிள் விழுகிற சத்தம். மாத்ருபூதம் சைக்கிளைக் கீழே போட்டு நான் பார்த்ததில்லை.

"அக்கா, பெட்டியைத் திறக்கணும்."

"திறக்கவா? பரஸ்தானம் வச்சதை? அதுவும் ராகு காலத்துல?"

"லீவு ஆர்டர்ல பாஸ்போர்ட் நம்பர் ஏத்தணுமாம். நாலு மணிக்குள்ள காட்டாட்டி ஆர்டர் இல்லையாம். பாஸ்போர்ட்டு பெட்டிக்குள்ள இருக்கு."

"அதை எதுக்குத் தம்பி பெட்டியில வச்சீங்க? ஜனங்க துணிமணி வைப்பாங்க, மஞ்சள் வைப்பாங்க..."

"பயணத்துக்கு எது உசிரோ அதைத்தானே வைக்கணும்?" என்றார் அவர். ஒரு நூல் கூடுதல் யோசனை.

"நீங்க உட்காருங்க. மோர் குடிங்க. நான் எடுத்துத் தர்றேன்."

அதற்குள் அவர் பெட்டிக்கு முன்னால் மண்டியிட்டிருந்தார். முடிச்சைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"நான் இடது சுத்துப் போட்டிருந்தேன்" என்றார்.

நான் உத்தரத்தைப் பார்த்தேன்.

மூடியைத் திறந்தார். பாஸ்போர்ட் அடியில், அவரே செய்த தேக்கு டப்பாவில் இருந்தது. அதை எடுக்கக் கையை விட்டவர் பொட்டலத்தோடு கையை வெளியே எடுத்தார். பிரித்தார். ஒரு வளையலைப் பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்து வெளிச்சத்தில் காட்டினார். இருபத்தாறு வருஷமாக மரத்தை நூல் பிசகாமல் அளந்த கண்.

"ரெண்டேகால்" என்றார்.

நான் மோர்ச் செம்பை எடுத்து நீட்டினேன்.

"குழலிக்கு ரெண்டரை. ரெண்டேகால் சகுந்தலாவுக்கு." வளையல்களை ஒவ்வொன்றாக எண்ணிவிட்டு நிமிர்ந்தார். "பச்சையும் செவப்புமா ரெண்டு டஜன், யாருக்கும் தெரியாத இடத்துல. எத்தனாவது மாசம் அக்கா?"

சமயபுரத்தாள் சத்தியம். நான் வாயைத் திறக்கவில்லை. ஆனால் இந்த வேலம்மாள் வாயைத் திறக்காமல் நிற்கிறாள் என்றால் அதைவிடப் பெரிய பதில் இந்தத் தெருவில் கிடையாது. அவருக்கும் அது தெரியும்.

மூடியைச் சாத்தி அதன் மேலேயே உட்கார்ந்தார். வளையல்களை ஒன்றோடொன்று உரசிக்கொண்டிருந்தார்.

"திருவெறும்பூர்ல இறங்கினேனே" என்றார் திடீரென்று. "கதவு பூட்டியிருந்தது அக்கா. இறங்கும்போதே எனக்குத் தெரியும், பூட்டியிருந்ததுன்னு."

ஆறு வருஷமாக ஊர் சிரித்த கதை.

"போகாத ஊருக்குப் பிளான் போட்டா ஒரு தப்பும் வராது. யானை ஆறேகாலுக்குச் சரியா வரும். போனாத்தான் தெரியும், நான் வரைஞ்சது ஒண்ணும் அங்கே இல்லேன்னு." கையிலிருந்ததைப் பார்த்துச் சிரித்தார். "இப்ப தானாவே ஒரு காரணம் வந்திருக்கு. யாரும் குத்தம் சொல்ல முடியாத காரணம். வெள்ளைச்சாமி ஒத்துக்குவான். குழலியே ஒத்துக்குவா. ஒரு வார்த்தை பேச மாட்டா. போய்ப் பிளானைச் சுருட்டிப் பரண்ல வச்சிட்டு, நாளைக்குச் சாம்பார் என்ன வைக்கட்டும்னு கேப்பா. அதை நினைச்சாத்தான் அக்கா பயமா இருக்கு."

"மகளுக்குத் துணை வேணாமா தம்பி?" என்றேன். அது கேட்கக் கூடாத கேள்வி என்று கேட்ட பிறகுதான் தெரிந்தது.

"வேணும். நாலு மாசம் கரூர்ல அவ மாமியார் பாத்துக்குவாங்க. அதுக்குள்ள நாங்க வந்துடுவோம். வர முடியாட்டி..." பிறகு, என்னிடம் இல்லாமல் சுவரிடம் சொல்வதுபோல, "அந்த வலைக்குள்ள உட்கார்ந்துக்கிட்டு எவ்வளவு மெதுவாப் பேசுவா தெரியுமா? மாடு பயந்துடுமாம். தெருமாடு" என்றார்.

எழுந்தார். பாஸ்போர்ட் இரண்டையும் சட்டைப் பையில் வைத்தார். பொட்டலத்தை என் கையில் கொடுத்தார். கயிற்றைக் கட்டினார், இடது சுற்று. பெட்டியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு வாசல் இறங்கினார்.

நான் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கிழக்கே திரும்பினால் எட்டு வீடு. அவர் வீட்டு வாசல்படி. எல்லாம் அத்தோடு சரி.

அவர் தெரு நடுவில் நின்றார். கிழக்கே பார்த்தார். அங்கே அவர் வீட்டுக் கொடியில் குழலியின் புடவை காய்ந்துகொண்டிருந்தது. பெட்டி ஒரு பக்கம் சாய்ந்தது, மற்றக் கையால் தாங்கினார். வெயிலில் தெரு வெறிச்சென்று கிடந்தது.

மேற்கே திரும்பினார். கீழே கிடந்த சைக்கிளைத் தாண்டி நடந்தார். முனையில் நின்ற ஜட்காவைக் கைதட்டிக் கூப்பிட்டார். "ஜங்ஷன். கிளோக் ரூம்ல சாமானைப் போட்டுட்டு நாலு மணிக்குள்ள பொன்மலை போகணும்" என்று சொன்னது எனக்குத் தெளிவாகக் கேட்டது. தெருவில் வேறு சத்தமே இல்லை.

மூன்று மணி அடித்து ராகு காலம் கழிந்ததும் குழலி வந்தாள். தலைகூட வாரவில்லை.

"அக்கா, பெட்டியைக் கொடுங்க."

"எதுக்கு?"

"வீட்டுக்குக் கொண்டு போறேன். நான் போகலை."

"என்னடி ஆச்சு?"

"ஒண்ணும் ஆகலை. சாப்பிட்டதெல்லாம் வாந்தி எடுத்தா. அப்புறம் என் மடியில படுத்துத் தூங்கிட்டா. எழுந்திருக்கலாம்னு பார்த்தா முந்தானையைப் பிடிச்சுக்கிட்டிருக்கா அக்கா, கை மூடினது மூடினபடி. நாலு வயசுல பிடிப்பாளே, அந்த மாதிரி. பகல் பூரா 'நீ போம்மா, நீ போம்மா'ன்னு சொன்ன பொண்ணு." முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "கடல் தாண்டிப் போய் என்னத்தைப் பார்க்கப் போறேன்? மாடு. அதுக்கு என்ன, இங்கே மாடு இல்லையா?"

"உன் வீட்டுக்காரர்கிட்ட என்ன சொல்லப் போறே?"

"உண்மையைச் சொல்லிடறேன். உள்ளூர அவருக்கும் நிம்மதிதான். இருபத்து நாலு வருஷமாக் குடித்தனம் பண்றேன், எனக்குத் தெரியாதா?"

சமயபுரத்தாளே! இரண்டு பேரும் ஒருவரையொருவர் எவ்வளவு நன்றாகத் தெரிந்து வைத்திருக்கிறார்கள் பாருங்கள்.

குழலி உள்ளே போனாள். குதிருக்குப் பக்கத்தில் தரை நாலு மூலையும் சரியாகக் காலியாக இருந்தது.

"பெட்டி எங்கே அக்கா?"

"அவர் வந்து எடுத்துக்கிட்டுப் போயிட்டார்."

"வீட்டுக்கு வரலையே!"

"வீட்டுக்குப் போகலை. ஜட்கா வச்சுக்கிட்டு ஜங்ஷனுக்குப் போயிருக்கார். கிளோக் ரூம்ல போடறதுக்கு."

"இன்னிக்கேவா? ரயில் நாளைக்குல்ல?" அவள் புருவம் நெரிந்தது. "அவருக்கு சகுந்தலா விஷயம் தெரியாது. அதான் போறாரு."

"தெரியும்" என்றேன். "நான் சொல்லலைடி, சத்தியமா நான் சொல்லலை. அவரே கண்டுபிடிச்சார். இதே இடத்துல உட்கார்ந்திருந்தார், அரை மணி நேரம்."

"தெரிஞ்சுமா போனாரு?"

"தெரிஞ்சுதான் போனார்."

குழலி அந்தக் காலித் தரையையே பார்த்துக்கொண்டு நின்றாள். அழுவாள் என்று நினைத்தேன், அழவில்லை. திட்டுவாள் என்று நினைத்தேன், அதுவும் இல்லை. அவள் எங்கோ தூரத்தில் இருந்தாள். புல்லும் புழுதியுமாக இருக்கிற இடம் எதிலோ. அங்கேயிருந்து திரும்பி வர அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"தூக்கிக்கிட்டுப் போனது தோள்லயா, தலையிலயா?" என்றாள்.

"தோள்ல."

"எந்தத் தோள்?"

"வலது."

"அந்தத் தோள்தான் அவருக்குப் பிடிச்சுக்கும். மாசி மாசம் பூரா தைலம் தேய்ச்சேன். கூலி ஆள் வச்சா என்னவாம்?"

முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். வாசலுக்கு வந்தாள். கிழக்கே அவள் வீட்டுக் கதவு ஒருக்களித்துக் கிடந்தது. உள்ளே பெண் தூங்குகிறாள்.

"அக்கா, சகுந்தலா எழுந்தா கஞ்சி அடுப்பு மேல இருக்கு. உப்புக் கம்மியாப் போட்டுக் கொடுங்க. அம்மா எங்கேன்னு கேட்டா..."

"கேட்டா?"

அவள் படி இறங்கி மேற்கே நடந்தாள்.

"ஏய் குழலி! பெட்டியைத் திருப்பிக் கொண்டாரவா போறே?" என்று கத்தினேன். எனக்கு இதைத் தெரிந்துகொள்ளாவிட்டால் ராத்திரி சோறு இறங்காது.

அவள் நடையை எட்டிப் போட்டாள். முனையில் இரண்டாவது ஜட்கா நின்றது. கல்யாணமாகி இந்தத் தெருவுக்கு வந்த நாளிலிருந்து அவள் தனியாக ஜட்கா ஏறி நான் பார்த்ததில்லை. ஏறினாள். வண்டிக்காரர் திரும்பி, எங்கே போகணும் என்று கேட்டிருக்க வேண்டும். அவள் மேற்கே கையை மட்டும் நீட்டினாள்.